சரக்குக் கறியும் நல்லெண்ணெயும்

எண்ணெய் விட்டால் கறி ருசிக்குமா என்று என்னிடம் யாராவது கேட்டால் ருசிக்கும் என்றுதான் சொல்வேன். ருசிக்கவே கூடாத நேரத்திலும் ருசிக்கும். அதை நான் அறிந்துகொண்டது என் முதல் பிள்ளை இறந்த கிழமையில்.

அப்போது நாங்கள் பட்டினத்தில், ஓர்ஸ் ஹில் என்கிற பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவர் துறைமுகப் பக்கத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், அதே ஒழுங்கையில் இருந்தார். தாயில்லாத தம்பியை வளர்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் எதற்கும் அவருடைய சொல்தான் முன்னுக்கு நிற்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சங்கக் கடையில் விடியற்காலையே போய் வரிசையில் நின்றாலும் தேங்காயெண்ணெய் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. அரைப் போத்தல் கிடைத்தால் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிற வீடுகள் இருந்தன. நானும் கரண்டி நுனியில் தொட்டுத்தான் தாளித்துவந்தேன். மீனைப் பொரிப்பதை மறந்தே போயிருந்தோம். எல்லாம் புளி விட்டு அவித்த கறிதான்.

எனக்கு மாதம் நெருங்கியபோது அம்மா எங்கள் ஊர் கட்டைபறிச்சானிலிருந்து வந்தார். மூதூரில் லோஞ்சு ஏறிக் குடாவைக் கடந்து வந்தவரின் பன்பைக்குள் இரண்டு போத்தல் நல்லெண்ணெய் இருந்தது. எங்கள் சேனையில் விளைந்த எள்ளு, ஊர்ச் செக்கில் ஆட்டியது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லி அதை எனக்காக வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் சரக்குக் கறி கொடுப்பது வழக்கம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், இஞ்சி, உள்ளி எல்லாவற்றையும் மை போல அரைத்து, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க மீன் போட்டுக் காய்ச்சுகிற கறி. எண்ணெய் குறைந்தால் அது சரக்குக் கறி இல்லை.

பெண் பிள்ளை பிறந்தது. பிறந்ததிலிருந்தே மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டது. ஒரு கிழமைகூட இருக்கவில்லை. பெயரும் வைக்கவில்லை. கணவரும் அவருடைய உறவினர் ஒருவரும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் குசினியிலிருந்து அம்மி அரைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளி எண்ணெயில் வதங்குகிற மணம் வந்தது.

"எனக்கு வேண்டாம் அம்மா," என்றேன்.

"ஏன் வேண்டாம்?"

"ஆருக்குப் பால் குடுக்கிறதுக்கு?"

"பாலுக்கு இல்லை. நீ பெத்தனீ எல்லோ? பிள்ளை தங்கினதோ போனதோ உடம்புக்குத் தெரியுமே? உள்ளுக்குக் காயம் ஆறோணும்."

சோற்றில் கறியை விட்டுப் பிசைந்து, கோப்பையை என் முன்னால் வைத்தார். ஒட்டி மீன். ஓரமெல்லாம் எண்ணெய் மஞ்சளாகப் படர்ந்திருந்தது.

"சாப்பிடு, பிள்ளை," என்றார். அந்த வீட்டில் பிள்ளை என்று கூப்பிட அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

வாயில் வைத்தால் மண்ணைத் தின்பதுபோல் இருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி இருக்கவில்லை. மாதக்கணக்கில் அவித்ததைத் தின்ற நாக்கு. மிளகும் உள்ளியும் எண்ணெயில் ஊறி, மீன் முள்ளைவிட்டுக் கழன்று, ஒவ்வொரு பிடியும் தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அழுதுகொண்டுதான் சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட இன்னும் வேண்டும்போல் இருந்தது. என்னுடைய நாக்கு எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. கோப்பையை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சாள் வாசலில் நின்றார். பின்னால் என் கணவர்.

மச்சாள் என்னோடு பேசவில்லை. என் அம்மாவோடும் பேசவில்லை. தன் தம்பியிடம் திரும்பிச் சொன்னார்: "பாத்தியோ தம்பி? பிள்ளையைப் புதைச்ச மண் இன்னும் காயேல்ல. உன்ர மனுசி எண்ணெய் வடிய வடியச் சாப்பிடுறா."

நான் கணவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒரு சொல், ஏதாவது ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே போய் உடுப்பு மாற்றினார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கறியைத் தொடவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தார், ஏசிப் பார்த்தார். கஞ்சி மட்டும் குடித்தேன். இரண்டு மூன்று நாள் கழித்து என் கணவர் அம்மாவிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மாமி, நீங்கள் கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போட்டு வாங்கோ. அக்காவுக்கும் மனம் சரியில்லை. பிறகு பாப்பம்."

"ஓம் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா போனார். போகும்போது எண்ணெய்ப் போத்தல்களைக் குசினித் தட்டில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று பாதி, மற்றது திறக்காதது.

அன்று மத்தியானமே மச்சாள் வந்தார். "நீ சாப்பிடாட்டி இது காறிப்போகும்," என்று திறக்காத போத்தலைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னேரம் கணவர் வரச் சுணங்கியது. கஞ்சியை எடுத்து வைத்தேன்.

"வேண்டாம். அக்கா வீட்டில சாப்பிட்டனான்," என்றார். "கத்தரிக்காய் பொரிச்சவ. எத்தினை நாளைக்குப் பிறகு! நல்ல ருசி."

எந்த எண்ணெய் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். நான் சொல்லவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடந்தது. போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிறகு வந்த வருசங்களில் மச்சாள் அந்தக் கதையை விடவில்லை. கலியாண வீடு, செத்த வீடு எதுவானாலும் பந்தியில் நான் இருந்தால், "அவவுக்கு நல்லா எண்ணெய் விட்டுப் போடுங்கோ, அவவுக்கு அதுதான் விருப்பம்," என்பார். பெண்கள் சிரிப்பார்கள். கணவர் காதில் விழுந்தால் அவரும் சும்மா ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

மகன் பிறந்தபோது என் அம்மா உயிரோடு இல்லை. அதற்கு முந்தின மாரியில் காய்ச்சலில் போய்விட்டார். எனக்குச் சமைக்க வேறு யாரும் இல்லாததால் மச்சாள் வந்தார். தட்டுப்பாடு அப்போது நீங்கியிருந்தது. அம்மியில் அரைத்து, சரக்குக் கறி காய்ச்சி, மேலே இன்னும் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"கோப்பையில மிச்சம் விடாத. பிள்ளைக்குப் பால் ஊறோணும்."

சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. மச்சாளுக்குக் கைப்பக்குவம் உண்டு, அதை மறைக்க ஏலாது. ஆனால் அந்த எண்ணெய் என் மகனுக்காக ஊற்றப்பட்டது. என்னை நினைத்து ஊற்றியது அம்மா ஒருவர்தான். அதைத்தான் எல்லாருமாகச் சேர்ந்து நிறுத்தினார்கள்.

"முந்தி நான் இதைச் சாப்பிட்டது பிழையெண்டனீங்கள்," என்றேன்.

மச்சாளுக்குக் கோபம் வரவில்லை. "அண்டைக்குப் பிள்ளை இல்லையே," என்றார், மிகவும் இயல்பாக.

"அண்டைக்கு நான் இருந்தனான்."

அவர் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். கையைக் கழுவினார். கணவர் முன்னறையில் கதிரையில் இருந்தார். மச்சாள் அவரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

கணவர் உள்ளே வந்தார். "ஏன் இப்ப அதைக் கிளப்பினனீர்? உதவிக்கு வந்த மனுசி."

"நீங்கள் அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் இண்டைக்குச் சொல்லத் தேவையில்லை."

"அக்காட்ட நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கசப்பு.

அடுத்த நாளிலிருந்து நானே சமைத்தேன். மகனைப் பாயில் கிடத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போவேன். அம்மியில் குனிந்தால் வயிறு கொளுவிப் பிடிக்கும். கணவர் அக்காவைச் சமாதானப்படுத்தப் போனார், நாளும் பொழுதும் போனார். மச்சாள் வரவில்லை. ஒரு பின்னேரம் கணவர் திரும்பி வந்தபோது நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா இன்னும் கோவமாத்தான் இருக்கிறா," என்றார்.

சட்டியில் எண்ணெய் குறைவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.