செவ்வந்திக்கு ரெஜினா சொன்ன பதில்

போன மாதம் ஒரு காலையில் ரெஜினாவின் மகள் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், அம்மா இந்தப் புதன்கிழமை வரமாட்டாங்க" என்றாள். மறுபடியும் முழங்கால் வலியா, ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். "விடியக்காலையில இறந்து போயிட்டாங்க டீச்சர்" என்றாள். அந்தக் கடுமைக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ரெஜினாவிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு. அதை அவரை அறிந்த உங்கள் முன்னால், இந்தப் பங்கு மடலில் எழுதுவதுதான் முறை.

எங்கள் கோயிலை ஒட்டிய சிறிய அறையில், புதன்கிழமை நவநாள் செபம் முடிந்ததும் நாங்கள் இருவரும் உட்காருவோம். ஒன்பது வருடம் உட்கார்ந்தோம். கணவன் மனைவி பிணக்கு, மாமியார் தொல்லை, பிள்ளைகளின் கல்யாணம் என்று முன்பின் தெரியாதவர்கள் வந்து யோசனை கேட்பார்கள். நேரில் பேச முடியாதவர்கள் கடிதம் எழுதிப் பெட்டியில் போடலாம். பெயரும் விலாசமும் எழுதக்கூடாது. ஒரு பூவின் பெயர் போதும். அடுத்த முறை வந்து அந்தப் பூவைச் சொன்னால் பதில் கையில் கிடைக்கும். வாசித்துக் கிழித்துவிடலாம். கைத்தொலைபேசியை வீட்டார் திறந்து பார்க்கும் பெண்களுக்காக ரெஜினா கண்டுபிடித்த வழி அது.

அவர் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஆயுள் முழுவதும் வேலை செய்தவர். எழுதிப் பழக்கமில்லை. அவர் சொல்ல நான் எழுதுவேன். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பிழையும் கொச்சையும் பொறுக்கமாட்டேன். "டீச்சர், நீங்க எழுதுனா பிஷப் கடுதாசி மாதிரி இருக்கு. புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு வந்தவளுக்கு 'தாங்கள்' எதுக்கு?" என்று சிரிப்பார்.

பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த ஒருவர் ஒரு புதன்கிழமை வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். தனக்குப் பிடித்த பெண்ணை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, என்ன செய்வது என்று முக்கால் மணிநேரம் பேசினார்.

"பொண்ணு உங்கள கட்டிக்க சம்மதமா?" என்று கேட்டார் ரெஜினா.

"ஆமாங்க."

"அப்ப கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லையே தம்பி. அம்மா முன்னாடி நின்னு பேச உங்களுக்குப் பயம். அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல. டீச்சர், அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

அவர் முகம் சிவந்து எழுந்து போனார். நான்கு மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்.

இனி அந்தக் கடிதம். ஊரையும் பூவையும் மாற்றியே எழுதுகிறேன். செவ்வந்தி என்று ஒரு பெண் எழுதியிருந்தார். வேலைக்குப் போகும்போது கணவர் வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுகிறார். மாதம் ஒருமுறை மாமியாரோடு நவநாளுக்கு வருவது மட்டும்தான் வெளியுலகம். கைக்குழந்தை இருக்கிறது. அக்கா வரச் சொல்கிறார். போனால் பாவமா? இதுதான் கேள்வி.

ரெஜினா யோசிக்கவே இல்லை. "போகச் சொல்லுங்க டீச்சர். புள்ளையத் தூக்கிக்கிட்டுப் பட்டப்பகல்ல போகட்டும். பாவம் கீவம் ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

நான் அப்படி எழுதவில்லை. பொறுமையாக இருங்கள், செபியுங்கள், குடும்பத்துப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள் என்று அழகான கையெழுத்தில் எழுதி உறையை ஒட்டினேன். அடுத்த மாதம் பூவின் பெயரைச் சொல்லி அதை வாங்கிப் போனார்.

ஏன் என்று சொல்ல வேண்டும். என் கணவர் கை நீட்டியவர் அல்லர், ஊரில் மதிப்பானவர். ஆனால் கல்யாணமான நாள் முதல் அவர் கண்மூடும்வரை நான் தனியாக ஒரு பஸ்ஸில் ஏறியதில்லை. பாடசாலை மணி அடிக்கும்போது அவருடைய கார் வாசலில் நிற்கும். சக ஆசிரியைகள் அதைப் பாசம் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். போவது பாவமில்லை என்று அந்தப் பெண்ணுக்கு எழுதினால், நான் முப்பத்தெட்டு வருடம் எதற்காக இருந்தேன் என்று என்னையே கேட்க வேண்டிவரும். அதற்குப் பயந்தேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துச் செவ்வந்தி மறுபடி அறைக்குள் வந்தார். மாமியிடம் கழிப்பறைக்கென்று சொல்லிவிட்டு வந்திருந்தார். குழந்தை இடுப்பில்.

"நீங்க எழுதுன மாதிரி பெரியவங்கள வச்சுப் பேசினேங்க. அவங்க சாப்புட்டுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் அவரு ஜன்னலுக்கும் ஆணி அடிச்சுட்டாரு."

ரெஜினா என்னைப் பார்த்தார். அந்த யோசனை யாருடையது என்று அந்தப் பெண்ணிடம் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். அவர் சொன்னது, "அது என் வாயால வந்த தப்பு, தாயி. இப்ப சொல்றேன், அக்கா வீட்டுக்குப் போயிரு."

"அக்கா குவைத்துக்குப் போயிட்டாங்க. வீட்டுல அத்தான் மட்டும்தான். நான் எப்படிங்க போறது?"

என் வீட்டில் மூன்று அறைகள் சும்மா கிடப்பது ரெஜினாவுக்குத் தெரியும். மறுபடி என்னைப் பார்த்தார். 'வாருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் என்ன சொல்லும், அந்தக் கணவன் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "மாமி தேடுவாங்க, தெல்தெனிய பஸ் போயிரும்" என்று செவ்வந்தி வெளியேறினார்.

"டீச்சர், நான் போகத்தானே சொன்னேன்?"

"ஆம்."

"எழுதலையா?"

"இல்லை."

 "உங்களுக்கும் ஒரு பூப்பேரு வச்சு, பதில் எழுதிக் குடுத்திருக்கணும் டீச்சர். நான்தான் கவனிக்கல" என்றார்.  அடுத்த புதன்கிழமை முதல், உறையை ஒட்டுமுன், "வாசிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் சொல்வார். வாசித்துக் காட்டினேன்.

செவ்வந்தி பிறகு வரவில்லை. எங்கள் விதியே எங்கள் கையைக் கட்டிவிட்டது. தேடிப்போகப் பெயருமில்லை, விலாசமுமில்லை. ரெஜினா அந்த முழங்காலோடு இரண்டு தடவை தெல்தெனியவுக்குப் போய், ஆணி அடித்த ஜன்னலைத் தேடித் தெருத் தெருவாக நடந்தார். "வெயில்ல சுத்துனதுதான் மிச்சம். எல்லா வீட்டுலயும் ஜன்னல் சாத்தித்தான் இருக்கு டீச்சர்" என்றார்.

அடக்கத்தின்போது ஒரு பெரியவர், குடும்பங்களைப் பிரியாமல் காத்தவர் என்று ரெஜினாவைப் புகழ்ந்தார். உங்களில் பலர் தலையசைத்தீர்கள். அது தவறு. குடும்பம் மனிதரைப் பூட்டி வைக்கும்போது கதவைத் திறக்கச் சொன்னவர் அவர். பூட்டின் பக்கம் நின்றவள் நான். அந்தப் புகழ் அவருக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

புதன்கிழமைகளில் இப்போது தனியாக உட்காருகிறேன். எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒரு சொல். பாவமா என்று கேட்டு வரும் கடிதத்துக்கு, 'இல்லை' என்பதை முதல் வரியாக எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செவ்வந்தி, இது எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால் ஒரு புதன்கிழமை அறைக்கு வாருங்கள். என் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு, குழந்தைக்கும் இடம் செய்திருக்கிறேன். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கத்தில் இருந்த கொண்டியைக் கழற்றியாகிவிட்டது. தாழ்ப்பாள் உள்ளே மட்டும்தான்.