வளையலில் நாலு ஊக்கு

இடது கை வளையலில் இருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, என் காரின் பானெட்டுக்குள் தலையை நுழைத்தார் ஜிஜி. வளையலில் இன்னும் மூன்று தொங்கின. துப்பட்டாவுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். வயரை வெட்டாமல் உள்ளே கரண்ட் வருகிறதா என்று குத்திப் பார்க்க அவருக்கு ஊக்குதான் வேண்டும். இரண்டு வயர் நீட்டிய பல்பு ஒன்றும் கைப்பையில் டிபன் டப்பாவோடு கிடக்கும். மற்றபடி தளவாடம் என்று எதுவும் கிடையாது. காரக்கோணத்திலிருந்து குன்னத்துகால் வரை எந்த ஒர்க்ஷாப்பில் வயரிங் சண்டித்தனம் செய்தாலும் இவருக்குத்தான் போன் போகும். ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்.

ஆட்களிடம் மரியாதையாகப் பேசுவார். வண்டிகளைத்தான் அதட்டுவார். "எலே மக்கா, வாயத் தெறந்து ஒண்ணு கூவு, பாப்போம்" என்று ஊக்கைக் குத்தியதும், நாலு மாதமாக ஊமையாயிருந்த என் ஹாரன் ஊரைக் கூட்டியது.

இது நடந்தது ராபின்சனின் ஒர்க்ஷாப்பில். ராபின்சன் நான் வைத்த பெயர். அசல் பெயரை எழுதினால் ஜிஜி அப்புறம் என்னோடு பேச மாட்டார். மனிதர் பதினைந்து வருஷம் ஷார்ஜாவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஊரில் சொந்தக் கடை போட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கடை ஓரத்தில் கள்ளிக்காட்டுச் செல்லசாமியின் வாடகைக் கார் நின்றது. ராபின்சன் அதன் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு வேறு எஞ்சின் ஏற்றியிருந்தார். இந்தக் கடையில் அவர் செய்த முதல் எஞ்சின் மாற்றம் அது. மூன்று நாளாகச் சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பேட்டரியை மாற்றினார். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார். அதே 'டிக்'.

ஜிஜியிடம் வாய்விட்டுச் சொல்லவே அவருக்கு அந்த மூன்று நாள் பிடித்தது. சொன்னபோது மணி மூன்றேகால். நாலு மணிக்குச் செல்லசாமி வேறொரு வண்டியோடு வந்து, காரைக் கயிறு கட்டி நெய்யாற்றின்கரையில் வேறு ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப்போவதாக இருந்தார். கயிறு கட்டிய கார் ஜங்ஷனைத் தாண்டுவதை நாலு பேர் பார்த்தால், பிறகு இந்தக் கடைக்கு யார் வருவார்கள்? ராபின்சனின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜிஜி காரைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, பழைய எஞ்சின எறக்குனது எப்படியாக்கும்? ஒண்ணு செஞ்சு காட்டுங்க."

"சொல்லுதேன். மொதல்ல பேட்டரி வயரு..."

"வாயி வேண்டாம். வெறுங்கையி போதும்."

இதுதான் ஜிஜியின் வைத்தியம். "எல்லாம் செரியாட்டு செய்தேன்னு வாயி சொல்லும். கையிக்குக் கள்ளம் சொல்லத் தெரியாது, கேட்டியளா" என்று எனக்கு விளக்கம் வேறு. நாற்பத்தாறு வயது ராபின்சன், திறந்த பானெட்டுக்கு முன்னால் நின்று காற்றில் ஸ்பானர் திருகத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜிஜி திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கியது.

ஹோஸ்கள் கழன்றன. சாக்கெட்டுகள் கழன்றன. கியர்பாக்ஸ் பக்கம் குனிந்து சின்ன போல்ட் ஒன்றைக் கழற்றிய கை, தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போய்விட்டு வந்தது.

"இனி மத்தத கேத்துங்க."

காற்றிலேயே எஞ்சின் ஏறியது. ஹோஸ் மாட்டினார், சாக்கெட் மாட்டினார், கடைசி நட்டையும் முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கை சட்டைப் பைப் பக்கம் போகவே இல்லை.

"அண்ணா, அன்னைக்கு இட்டிருந்த சட்ட எங்க?"

கடைக்குள் ஆணியில் தொங்கியது. இரண்டு வாரமாகத் தண்ணீரைக் காணாத காக்கிச் சட்டை. நல்லவேளை, சோம்பேறித்தனம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது. பைக்குள் போல்ட் அப்படியே கிடந்தது.

ஜிஜி பல்பின் ஒரு வயரை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, அடுத்ததைக் காரின் பாடியில் தொட்டார். பளிச்சென்று எரிந்தது. எஞ்சினில் தொட்டார். பல்பு அழுது வடிந்தது. எஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் வயரின் ஒரு முனை, பிடித்து நிறுத்த அந்த போல்ட் இல்லாமல், கியர்பாக்ஸுக்கு அடியில் கிரீஸில் புதைந்து கிடந்தது. ஸ்டார்ட்டருக்குப் போன கரண்டுக்கு ஒழுங்காகத் திரும்பி வர வழியில்லை.

ராபின்சன் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்க கையாலயே செஞ்சுட்டனே!"

"சாரமில்ல அண்ணா, விடுங்க. போல்ட்ட முறுக்குங்க, நேரமாச்சு."

செல்லசாமி தோளில் கயிற்றோடு வந்து இறங்கியபோது கார் சீராக உறுமிக்கொண்டிருந்தது. "என்னவாக்கும் கேடு?" என்று கேட்டார். ராபின்சன் தரையைப் பார்த்தார். நானாக இருந்தால் சட்டைப் பைக் கதையை நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிச் சிரித்திருப்பேன்.

"எர்த்து கிட்டாம இருந்துது. இப்ப கிட்டியாச்சு. நீங்க கயிற மடக்குங்க" என்றார் ஜிஜி. செல்லசாமி காரில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. கயிறு பின்சீட்டுக்குப் போனது.

கைப்பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் வரை போன ஜிஜி, ஏதோ நினைத்துத் திரும்பி வந்தார். வளையலில் இருந்து ஒரு ஊக்கைக் கழற்றினார். ராபின்சன் போட்டிருந்த சட்டையின் பை வாயைச் சேர்த்துப் பிடித்துக் குத்தி மூடினார்.