குடுவைச் செடிக்கு ஒரு தகப்பன்

ரானாவ் சந்தையில் கீரை விற்கும் மார்செலா ஆசையாக வளர்த்த, பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி, பல வருடம் கழித்துப் பூத்தது. பெண் பூ. அதோடு கலக்க ஆண் பூ பூத்த செடி, கணவனின் அண்ணனான லோஜிமின் என்பவன் வீட்டில் மட்டுமே இருந்தது.

“மகரந்தம் தர்றேன். பிறக்கிற செடிக்கு என் பேர வை,” என்றான் அவன்.

“விதைக்கிறவ நான். பேரையும் நானே வச்சுக்கிறேன், மச்சான்.”

லோஜிமின் தன் செடியின் பூங்கதிரை வெட்டிக் கோழிகளிடம் எறிந்தான். “போய்ப் பொறுக்கு.”

வெட்டினாலும் மகரந்தம் உடனே சாகாது என்பதை ஆத்திரத்தில் மறந்திருந்தான். மார்செலா கோழிகளை விரட்டிக் கதிரை எடுத்துக்கொண்டாள்.

“கலப்புச் செடின்னா தாய் தகப்பன் ரெண்டு பேரையும் சொல்றதுதான் செடி வளர்க்கிற நம்ம வழக்கம். என் செடி பேரச் சொல்லித்தான் ஆகணும்டி,” என்றான் லோஜிமின்.

“தாய் பேரச் சொல்லுவேன். தகப்பன் யாருன்னு கேட்டா, கோழி மிச்சம் வச்சதுன்னு சொல்லுவேன்.”