மாப்பிள்ளை பேட்டரி

2016 மார்ச் 12: நூற்றுக்கு 41
2017 மார்ச் 11: நூற்றுக்கு 46
2018 ஜனவரி 7: வீட்டில் போட்ட கணக்கு 30, சரி 17
2018 பிப்ரவரி 4: வீட்டில் போட்ட கணக்கு 30, சரி 28
2018 மார்ச் 10:

மேலே இருப்பது என் தங்கையின் மின்சாரப் படிப்பு. மதிப்பெண் அவளுடையது, குறித்து வைத்தவன் நான். நீரேற்று நிலையத்தில் நாற்பது வருடம் மணிக்கொரு தரம் தொட்டி மட்டம் எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

தங்கைக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவதும் வீடுகளுக்கு வயரிங் செய்வதும் தொழில். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எந்தப் பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவாள். ஆனால் வயரிங் முடிந்த வீட்டுக்கு மின்சாரம் வர, உரிமம் உள்ளவர் கையெழுத்து வேண்டும். இருபத்து நான்கு வருடமாக அவள் வேலைக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்டார். ஒரு காலத்தில் ஸ்விட்ச் பாக்ஸைத் தலைகீழாக மாட்டிவிட்டு இவளிடம் திட்டு வாங்கியவர் அவர்.

உரிமத்துக்கான தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு போய்விட்டது. ஐம்பது எடுத்தால் போதும்.

அவளுக்குத் தெரியாமல் தோற்கவில்லை. தெரிந்ததை விட முடியாமல் தோற்றாள். ஜனவரி ஏழாம் தேதி நான் அவளுக்குப் படித்துக் காட்டிய கணக்கு இது: பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, பக்க இணைப்பில் நான்கு ஓம் மின்தடை இரண்டு, பேட்டரியின் அகமின்தடை புறக்கணிக்கத்தக்கது, மின்னோட்டம் எவ்வளவு?

"அஞ்சு புள்ளி ஏழு" என்றாள்.

"ஆறும்மா. ரெண்டு நாலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ரெண்டு ஓம். பன்னெண்டை ரெண்டால வகுத்தா ஆறு."

"அது எனக்குத் தெரியாதா அண்ணா? ஆறு ஆம்பியர் இழுத்தா எந்த பேட்டரி தலை குனியாம நிக்கும்? உள்ளயே கொஞ்சம் தின்னுடும்."

"புறக்கணிக்கச் சொல்லியிருக்கு."

"புறக்கணிக்க இவங்க யாரு? பேட்டரியத் தொட்டுப் பாத்திருக்காங்களா?"

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் கணவர் சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, கல்யாணத்தன்னிக்கு என்கிட்ட ஏதாவது குறை தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்ல ஒரு நோட்டு பத்தாது."

"அன்னிக்கு என்னைப் பாத்த மாதிரி அந்த பேட்டரியப் பாரேன். பரீட்சை முடியறவரைக்கும் அது மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்தப்புறம் புருஷனாக்கிக்க."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பென்சிலை எடுத்து 5.7ஐ அடித்துவிட்டு 6 எழுதினாள். அன்றிலிருந்து புத்தகத்துக் கம்பிகளுக்கு மின்தடையே இல்லை என்றும், ஸ்விட்சில் பொறி வராது என்றும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். நான்கு வாரத்தில் முப்பதுக்கு இருபத்தெட்டு. தவறிய இரண்டில் ஒன்று நான் தப்பாகப் படித்தது, அதையும் குறித்திருக்கிறேன்.

மார்ச் பத்தாம் தேதி தேர்வு முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, ஏழாவது கேள்வியில நம்ம பேட்டரி வந்துச்சு."

"ஆறுன்னு எழுதினியா?"

"எழுதினேன். 'மாப்பிள்ளை பேட்டரி என்றால் ஆறு ஆம்பியர்.'"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கீழ, 'புருஷன் பேட்டரி என்றால் அஞ்சு புள்ளி ஏழு'. மனசு கேக்கல."

ஒரு கேள்விக்கு இரண்டு விடை எழுதினால் இரண்டையும் அடித்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண். அவள் கணவர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. வீட்டில் அப்படியொரு அமைதியை நான் குறித்ததே இல்லை.

நாற்பத்தேழு நாள் காத்திருந்தோம். கடைசி ஒன்பது நாள் ஒரு வீட்டின் வயரிங் படிவம் கையெழுத்தில்லாமல் அவள் மேசை இழுப்பறையில் கிடந்தது. வீட்டுக்காரர் தினமும் போன் செய்தார்: "அக்கா, கரண்ட் எப்பக்கா?" "மோட்டார்ல கை வச்சிருக்கேன் தம்பி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். கையெழுத்துப் போடும் பழைய ஆளைக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

கடிதத்தை நான்தான் பிரித்தேன். நூற்றுக்கு 53. கீழே உரிம எண்.

"அஞ்சை அடிச்சிருந்தா நாற்பத்தெட்டுதான். திருத்தினவர் கல்யாணமானவர்" என்றார் அவள் கணவர்.

அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தங்கை காயிலுக்குப் பூசிய வார்னிஷ் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு என் பையிலிருந்த பேனாவை உருவினாள். இழுப்பறைப் படிவத்தில் உரிம எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று. தேதி போட வேண்டிய இடத்தில் நிறுத்தி, "இன்னிக்கு என்னண்ணா?" என்றாள்.

2018 ஏப்ரல் 26, வியாழக்கிழமை.