அனுமதி வராத பைனாகுலர்

யுத்தம் முடிந்து மன்னாருக்குத் திரும்பிய இரண்டாவது வருடம், வெளிநாட்டிலிருக்கும் மகள் எனக்கு ஒரு பைனாகுலர் அனுப்பினாள். ஓய்வூதியக்காரர் கொக்கு, நாரை பார்த்துப் பொழுதைப் போக்கட்டும் என்பது அவளுடைய எண்ணம். நானோ பெட்டியைத் திறந்த வேகத்திலேயே மூடிவிட்டேன். யுத்தத்தில் டோர்ச் பற்றரிக்கே அனுமதி கேட்ட காலத்தில், அரசாங்கக் கந்தோரில் அந்த அனுமதிக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான். பைனாகுலருக்கும் அனுமதி கேட்டு அதே கந்தோருக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அனுமதி தருகிறோம் என்றும் இல்லை, தேவையில்லை என்றும் இல்லை. ‘என்ன தேவைக்காக?’ என்று மட்டும் கேட்டிருந்தார்கள். ‘கொக்கு பார்க்க’ என்று எழுத என்னுடைய அரசாங்க சேவைக்காலம் இடம் தரவில்லை. கடிதத்தையும் பைனாகுலரையும் ஒன்றாக அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கூட வந்த கைநூலை மட்டும் மூன்று தடவை வாசித்தேன். வாசிப்பதற்கு அனுமதி வேண்டியதில்லை.

கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் அடுத்த வீட்டுப் பெண் வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். விடியமுன் தம்பியோடு கடலுக்குப் போன புருஷன் இன்னும் திரும்பவில்லை. மற்ற வள்ளங்கள் எப்போதோ கரையேறிவிட்டன.

“ஐயா, உங்களிட்டைத் தூரக் கண்ணாடி இருக்காம். ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“ஆர் சொன்னது?”

“நீங்கள் மூண்டு கடிதம் எழுதிக் கேட்டது ஊருக்கே தெரியும்.”

அனுமதி இன்னும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைத் தேடினேன்.

கரையில் ஒரு வள்ளம் தேடிப்போகத் தயாராக நின்றது. தெற்கே வெகுதூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அது அவர்களா, வேறு ஊர்க்காரரா? அவர்கள் இல்லையென்றால் மேற்கே மணல்திட்டுகளின் பக்கம் போய்த் தேட வேண்டும். இரண்டு பக்கமும் போக வள்ளத்திலிருந்த எண்ணெய் போதாது.

பைனாகுலரை உயர்த்தினேன். இரண்டு மங்கல் வட்டங்கள். குழாய்களை மடக்கி வட்டங்களை ஒன்றாக்கினேன். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்கினேன். பிறகு இடது கண்ணை மூடி, வலக் குழாயின் வளையத்தைத் திருப்பினேன். எனக்கு வலது கண்ணில் மட்டும் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. இரண்டு கண்ணும் இரண்டு அரசாங்கத் திணைக்களம் போல.

“ஐயா ஆருக்குக் கண்ணடிக்கிறியள்?” என்றான் வள்ளக்காரன்.

“பொறடாப்பா. எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு.”

கவிழ்த்திருந்த வள்ளமொன்றில் முழங்கைகளை ஊன்றினேன். புள்ளி வள்ளமாயிற்று.

“நீல வள்ளம். ரெண்டு பேர்.”

“இஞ்சை எல்லாற்றை வள்ளமும் நீலந்தானே, ஐயா” என்றான் வள்ளக்காரன்.

“எஞ்சின் நிண்டுபோச்சுப் போலை. ஒராள் குனிஞ்சு தண்ணி இறைக்கிறார்.”

“எந்தக் கையாலை?” என்று அவள் கேட்டாள்.

பார்த்தேன். “இடக்கையாலை.”

“அப்ப அவர்தான். அவர் சாப்பிடுறதைத் தவிர எல்லாம் இடக்கையாலை.” வள்ளக்காரன் எஞ்சினில் கை வைத்தான். அவள் தடுத்தாள். “பொறுங்கோ. முகம் பாக்கிற கண்ணாடியிலை இடம் வலமாய்த் தெரியும். இதுவும் அப்பிடி மாத்துமோ?”

கந்தோரில் என்னிடம் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. கைநூலில் பதில் இருந்தது. முன்வில்லை பிம்பத்தைத் தலைகீழாகவும் இடம்வலமாகவும் புரட்டும், உள்ளேயிருக்கும் பட்டகங்கள் அதைத் திரும்ப நேராக்கும். ஆனால் வாசித்ததை மட்டும் நம்பி வள்ளத்தை அனுப்ப மனம் வரவில்லை. கரையில் ஒரு கொடிக்கம்பம், அதன் இடப்பக்கம் ஒரு கழுதை. வெறுங்கண்ணால் பார்த்தேன். பைனாகுலரால் பார்த்தேன். கழுதை இடப்பக்கமே நின்றது.

“மாத்தாது. இடக்கைதான். நீ போ.”

வள்ளம் புறப்பட்டது. அவள் மணலில் குந்திவிட்டாள். நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

“கிட்டப் போயிட்டான். கயிறு எறியிறான். பிடிச்சாச்சு.”

“அவர் இன்னும் இறைக்கிறாரோ?”

“இல்லை. குந்தியிருந்து வெத்திலை போடுறார்.”

“மனிசர் இஞ்சை செத்துப் பிழைக்கிறம், அவருக்கு வெத்திலை கேக்குதோ? வரட்டும்.”

அவள் ஏசத் தொடங்கிய பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. வள்ளம் கரைக்கு வரும்வரை ஏசினாள். வந்ததும் அவர் உடுத்திருந்த ஈரச் சாரத்தைப் பிழிந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் அலுமாரியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். ‘என்ன தேவைக்காக?’ என்ற கேள்விக்கு, ‘தூரத்திலிருப்பவர் இடக்கைக்காரரா என அறிவதற்கு’ என்று எழுதி, மூன்று பிரதிகளில் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. பைனாகுலர் வாசல் ஆணியில் தொங்குகிறது. புருஷன் வரப் பிந்தினால் அடுத்த வீட்டுப் பெண் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகிறாள்.