உப்பு தின்னப் போன மாப்பிள்ளை

இன்னொரு வீடாவது, இன்னொருத்தியாவது! அத்தனையும் சுத்தப் பொய். என் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை மூன்றாம் மாடிக்காரி பார்த்தாள், அது உண்மை. என் மகள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்ததைப் பார்த்தாள், அதுவும் உண்மை. மற்றதெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற நேரத்தில் அவள் சேர்த்துத் தைத்த ஒட்டு.

நேற்று என்னிடமே வந்து கேட்கிறாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க உப்பில்லாம ஆக்கிப் போட்டுத்தான் அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாராமே?”

“யார் சொன்னது?”

“பொதுவா பேசிக்கிறாங்க.”

“அந்தப் பொதுவோட வாய் உன் வாய் ஜாடையா இருந்திருக்குமே!”

இன்னொருத்தி என்ற வதந்தியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது ஆம்பளை பாடு. ஆனால் ஐம்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறவளுக்கு உப்புப் போடத் தெரியாது என்றால் விடுவேனா? அதனால்தான் வீட்டுக்குள் இருக்க வேண்டிய கதையை வெளியே எடுக்கிறேன்.

என் மாப்பிள்ளைக்கு வேலை நாக்கில். உருளைக்கிழங்கை வறுத்துப் பாக்கெட்டில் அடைக்கிற கம்பெனி. ஒவ்வொரு முறை வறுத்துக் கொட்டியதும் நாலு வில்லை ஒரு தட்டில் இவர் முன்னால் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கொப்பளிப்பார். ஒரு வில்லையைக் கடிப்பார், கண்ணை மூடுவார், மென்றதை எவர்சில்வர் குவளையில் துப்புவார். பிறகு “கூட”, “குறை”, “சரி” என்ற மூன்றில் ஒரு சொல். அதைக் கேட்டு மெஷின்காரர் உப்பு விழுகிற திருகைத் திருப்புவார். பதினாலு வருடமாக இதுதான். கம்பெனியில் இவருக்குப் பெயரே ‘நாக்கு சார்’. வேலை நேரத்தில் வெளிச் சாப்பாடு கூடாது, டீ கூடாது, வீட்டிலிருந்து கொண்டுபோகிற டப்பா மட்டும்தான்.

அந்த மூன்று சொல்லை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். மூத்த பேத்தி பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். உற்றுப் பார்த்துவிட்டு “சரி” என்றார். நர்ஸ் பயந்துவிட்டாள்.

ஆள் தங்கம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, உப்பைத் தவிர.

மூத்தவளுக்கு ஒன்பது வயது. ஒருநாள் உப்புப் போட்டு வேகவைத்த முட்டையின் மேலேயே மறுபடி உப்பைத் தூவிக்கொண்டாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

“அத்தை, எங்க கம்பெனிக்கு உப்பு லாரியில வருது. மூட்டை மூட்டையா இறக்குறதைப் பாக்குறேன். அத்தனையும் எங்க போகுது? இந்த மாதிரி சின்ன வாய்க்குள்ளதான் போகுது. நம்ம வீட்டுலயாவது வேண்டாம்.”

அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? மேசையில் இருந்த உப்புக் கிண்ணம் காணாமல் போனது. அதுவும் உப்பு டப்பாவும் பீரோ உச்சிக்கு ஏறின. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒரு தாளில் கரண்டியின் படத்தை வரைந்து, உள்ளே ஒரு கோடு போட்டு, அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டார். கோடு வரைக்கும்தான் உப்பு. மாதம் பிறந்தால் புதுப் படம் வரும், கோடு இன்னும் கீழே இறங்கியிருக்கும். தேய்பிறை மாதிரி ஒரு கரண்டி.

“மாப்பிள்ளை, புள்ளைங்க தன் கையாலயே போட்டுக்கட்டும். கூடிப்போனா கரிக்கும். மறுநாள் கை தன்னால சுருங்கும்” என்றேன்.

“நாக்குக்குக் கரிக்குறதுக்கு முன்னாடியே உடம்புக்குக் கரிச்சிருக்கும் அத்தை.”

“ஒளிச்சு வச்ச உப்புக்குத்தான் ருசி அதிகம். பாத்துக்கிட்டே இருங்க.”

என் மகள் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். ஊரார் தலையில் வகிடு எடுப்பாளே தவிர, வீட்டுச் சண்டையில் எந்தப் பக்கமும் சாய மாட்டாள். “ரெண்டு பேரும் சாப்பிடுங்க, ஆறுது” என்பாள்.

கொஞ்ச நாளில் பேத்திகளின் தட்டில் பவுடர் வாசனை வர ஆரம்பித்தது. அவரைக்காயில் பவுடர் வாசனை, உருளைக்கிழங்கில் பவுடர் வாசனை. ஆறு வயதுச் சின்னவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மடியில் பவுடர் டப்பாவோடு உட்கார்ந்தாள். “வேர்க்குது பாட்டி” என்பாள். பழைய டப்பாவைக் கழுவி உப்பு நிரப்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு மறுநாளே தெரியும். பீரோ உச்சிக்குப் பிள்ளைகள் கை எட்டாது, யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு வெயில் நாளில் மாப்பிள்ளை முகம் மழித்து, குளித்துவிட்டு வந்து, அதே டப்பாவை எடுத்துக் கழுத்தில் கொட்டித் தேய்த்தார். பிளேடு கீறிய இடத்தில் பட்டதும் துள்ளினார் பாருங்கள்! துள்ளிய மனிதர் கத்தக்கூட இல்லை. பழக்கதோஷம், விரலை நக்கிப் பார்த்தார், கண்ணை மூடினார்.

“பொடி உப்பு. நம்ம வீட்டு உப்பு” என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

டப்பா பறிமுதலாகிக் குளியலறையில் அவருடைய ஷேவிங் சாமானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வீட்டில் உப்பு அடங்கிவிட்டது என்று அவர் நினைத்தார். கம்பெனியிலிருந்து சேதி வந்தது.

கடைகளிலிருந்து வறுவல் மூட்டைகள் திரும்பி வருகின்றனவாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், இங்கே குப்பைக்குப் போகாமல் நேராகக் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டது. மேலாளர் பழைய பாக்கெட் ஒன்றையும் புதிய பாக்கெட் ஒன்றையும் பிரித்து இவர் முன்னால் வைத்தார். பழையதைக் கடித்ததும் இவர் “கூட” என்றார். மேலாளர், “அது நீங்க போன வருஷம் சரின்னு சொன்னது” என்றாராம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அத்தை, அஞ்சு மாசமா நான் சரின்னு சொன்னதெல்லாம் குறை.”

பிள்ளைகளுக்காகக் கோட்டை இறக்கியவர் தானும் அதே சட்டியில்தானே சாப்பிட்டார்! மூன்று வேளையும் சப்பென்று தின்று பழகிய நாக்குக்குச் சாதாரண உப்பும் கடல் தண்ணீராகிவிட்டது. அதை நம்பி மெஷின்காரரும் திருகை இறக்கிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு மாதத்தில் நாக்கு பழையபடி திரும்ப வேண்டும், மறுபடி சோதனை வைப்போம், தேறாவிட்டால் அட்டைப் பெட்டி ஒட்டுகிற பக்கம் அனுப்பிவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

“இதுக்கா இந்த முகம்? பீரோ மேல இருக்கு உப்பு. எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க” என்றேன்.

“பிள்ளைங்க முன்னாடியா?”

மறுநாளிலிருந்து மாப்பிள்ளை குளிக்க அரை மணி நேரம் ஆனது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தமே இல்லை. நாலாம் நாள் காலையில் சின்னவளுக்கு அவசரம், கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. இடுப்பில் துண்டு, ஒரு கையில் அவித்த உருளைக்கிழங்கு, மறு கையில் பவுடர் டப்பா, மீசையில் வெள்ளை வெள்ளையாக உப்பு. அப்படி நின்றார் அவளைப் பெற்றவர்.

அவள் கத்தவில்லை. இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடித் திறந்து, அப்பாவின் குரலிலேயே ஒரே சொல் சொன்னாள்.

“கூட.”

அன்று சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து. மூத்தவள்தான் வக்கீல்.

“அப்பா போட்டுக்கலாம், நாங்க போட்டுக்கக் கூடாதா?”

“அது மருந்துடா கண்ணு.”

“அப்போ எங்களுக்கும் அதே மருந்து குடுங்க.”

“அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னா மருந்து கதவைச் சாத்திக்கிட்டா சாப்பிடுவாங்க?” என்று சின்னவள் எடுத்துக் கொடுத்தாள்.

மாப்பிள்ளைக்கு மூன்று சொல்லும் உதவவில்லை. தட்டையே பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? கிண்ணத்தை மேசையில வைங்க. நீங்களும் போட்டுக்குங்க, அவங்களும் போட்டுக்கட்டும். ஒரு சிட்டிகைன்னு சொல்லிக் குடுங்க. போட்டது கரிச்சாலும் போட்டவங்களே திங்கணும், அதான் சட்டம். உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான், தானா கத்துக்குவான்.”

“எங்க சொல்லிக் குடுக்குறது அத்தை? எது ஒரு சிட்டிகைன்னு என் நாக்குக்கே இப்பத் தெரியலையே!”

பதினாலு வருடம் நாக்கை நம்பி நின்ற மனிதர். சிரிக்க வந்தவள் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்று கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவர் எடுத்துப்போய் மறுபடி பீரோ உச்சியில் வைத்தார். நான் இறக்கினேன், அவர் ஏற்றினார். இரண்டு நாள் அந்தக் கிண்ணத்துக்கு இதே பயணம்.

மூன்றாம் நாள் ஒரு வழியோடு வந்தார். கம்பெனிக்குப் பின்னால் ஒரு விடுதி இருக்கிறதாம். கீழே சாப்பாட்டுக்கடை. சமையல்காரருக்குக் கை தாராளமாம், போதாததற்கு மேசைக்கு மேசை உப்புக் குப்பி இருக்கிறதாம். மெஷின்காரர் சொல்லி அறை பிடித்தாகிவிட்டது.

“சோதனை வரைக்கும் அங்க தங்கி, நாக்கைத் தேத்திக்கிட்டு வந்துடுறேன். பிள்ளைங்க கண்ணுல படாது” என்றார்.

“ஏங்க, உப்பு தின்னவா வீட்டை விட்டுப் போறீங்க? வெளிய சொன்னா சிரிக்க மாட்டாங்களா?” என்றாள் என் மகள்.

“அப்போ வெளிய சொல்லாத.”

நாங்களும் சொல்லவில்லை. மூன்றாம் மாடிக்காரி சொன்ன இன்னொரு வீடு இதுதான். அங்கே அவருக்காகக் காத்திருப்பவள் கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார். அடுப்புக்கு மேலே புதுப் படம் ஒட்டிவிட்டு வந்தார். “கோட்டைப் பாத்துக்குங்க அத்தை” என்றார். “பாத்துக்குறேன்” என்றேன். பார்ப்பதாகத்தான் சொன்னேன். என் மகள் வாசலில் நின்று சிரிப்பை அடக்கப் பார்த்து, அடங்காமல், கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால் துடைத்தாள். அந்தக் கண்ணீரைத்தான் மேலே இருந்து ஒருத்தி எட்டிப் பார்த்துத் துணிக்கூடையில் போட்டுக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளை ஒரு படி இறங்கியிருப்பார். சின்னவள் பின்னாலேயே ஓடி வந்தாள். கையில் பவுடர் டப்பா.

“அப்பா, இதை மறந்துட்டீங்க. நிறைச்சு வச்சிருக்கேன்.”

அவர் டப்பாவைக் கையில் வாங்கி எடை பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாசலில் மின்விசிறி இல்லை. நான் மாடிப்படிக் கைப்பிடியைப் பார்த்தேன்.

கூட என்றும் சொல்லவில்லை, குறை என்றும் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவில் அந்த டப்பாவைச் சொருகினார், பெட்டியை மூடினார், கீழே இறங்கிப் போனார்.