பூட்டான் பஸ்ஸில் முதல் சீட்டு

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது என் நாத்தனார் விட்டுப் போன பிள்ளை. அதையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாழை இலை விற்று அஞ்சு பேரையும் ஆளாக்கினேன். நான் வராத நாளிலும் அந்த இடத்தில் ஒருத்தரும் கூடை வைத்ததில்லை. பெரிய வீட்டு அம்மாக்கள் காரை விட்டு இறங்கி வந்து, நின்றுகொண்டுதான் என்னிடம் இலை வாங்கினார்கள்.

எங்கள் தெருவில் என்னை ஃபாரினில் இருந்துவிட்டு வந்தவள் என்று இன்னமும் சொல்வார்கள். நான் சொல்லிக்கொள்வதில்லை. நான் போன பூட்டானுக்குக் கடல் தாண்டவே வேண்டாம். ரயிலில் கால் வீங்க உட்கார்ந்திருந்தால் வங்காளம் வரும். அங்கே ஒரு ஊரின் நடுவில் வாசல் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் குப்பை, அந்தப் பக்கம் வெளிநாடு.

என் மூன்றாவது மகனுக்குப் பட்டாளத்தில் எழுத்து வேலை. அந்த நாட்டுச் சிப்பாய்களைப் பழக்கப் போன நம் ஆட்களோடு அவனையும் அனுப்பியிருந்தார்கள். துப்பாக்கி பிடித்ததைவிட ஸ்டேப்ளர் பிடித்ததுதான் அவன் அதிகம். மருமகளும் அங்கேதான் இருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவள் உண்டாகியிருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. அதனால் நான் போனேன். பிள்ளை வெளியே வந்ததும் முதலில் என் கையில்தான் வாங்க வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் போனேன், ஊர் பார்க்க அல்ல.

போய்ப் பார்த்தால் நம் பட்டாளக் குடும்பங்களுக்கென்று சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே தகரக் கூரை போட்ட வீடுகள் வரிசையாக. கேன்டீனில் நம்மூர்க் கோதுமை மாவு, நம்மூர்ச் சோப்பு, டிவியில் நம்மூர் அழுகை. இரண்டு வருஷம் இருந்தவள்கூட அந்த நாட்டு மனுஷர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டார்கள். சுபேதார் வீட்டம்மா, ஹவில்தார் வீட்டம்மா. புருஷன் தோளில் இருக்கும் பட்டையைப் பெண்டாட்டி நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவாள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றக் கூட்டிப் போவார்கள். முதல் தடவை போனது மலை மேல் இருக்கும் ஒரு கோயிலுக்கு. கீழே ஆறு பச்சைக் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. இவர்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டி ஜமக்காளம் விரித்தார்கள், பூரியும் உருளைக்கிழங்கும் தின்றார்கள், ஒருத்தி நம்பர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் காகிதத்தில் அடித்து விளையாடினார்கள். தம்போலாவாம். போட்டோ எடுக்க மட்டும் ஆற்றின் பக்கம் திரும்பினார்கள்.

நான் எழுந்து போய் ரோட்டோரம் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குத் தெரியாது. இலை ஈரமாக இருக்கத் துணி போட்டு மூடியிருந்தாள், சரியாகத்தான் மூடியிருந்தாள். ஒரு பாக்கு வைத்து மடித்துத் தந்தாள். ஊறப்போட்ட பாக்கு, செத்த எலி மாதிரி நாறியது. மென்று விழுங்கினேன். அந்த நாட்டில் நான் மதித்த ஒரே மனுஷி அவள்தான்.

பஸ்ஸில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. புருஷன் பதவிப்படி பெண்டாட்டிக்குச் சீட்டு. தாய்க்கு எந்தச் சீட்டு என்று அவர்கள் முறையில் இல்லை. ஆகையால் நான் கடைசி. என் மகன் வெறும் ஹவில்தார் என்பதால் மருமகளும் எனக்குப் பக்கத்தில், பின் சக்கரத்துக்கு மேலே. முதல் சீட்டில் ஒரு வெள்ளை டவல் விரித்திருக்கும். அது பெரிய சாப், அங்கே எல்லாருக்கும் மேலான ஆபீசர், அவர் பெண்டாட்டிக்கு. அந்த அம்மா ஒரு நாளும் பஸ்ஸில் வந்ததில்லை, தன் காரில்தான் வருவாள். ஆனாலும், ஒருவேளை வந்துவிட்டால்? ஆகையால் ஆளில்லாத சீட்டு டவல் போர்த்திக்கொண்டு மலையெல்லாம் சுற்றிப் பார்த்தது.

இரண்டாம் தடவை போகும்போது மருமகளுக்கு ஏழாம் மாதம். வளைவுக்கு வளைவு பஸ் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“பிள்ளே, எந்திரி. முன்னால போயி இருப்போம்.”

“வேண்டாம் அத்தே. அது மேம்சாப் சீட்டு.”

“மேம்சாப் எங்க? சீட்டுக்கு அடியிலயா ஒளிஞ்சிருக்கா?”

கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். இரண்டாம் சீட்டில் இருந்த சுபேதார் பெண்டாட்டி, கொல்லத்துக்காரி, குறுக்கே கையை நீட்டினாள்.

“அம்மச்சீ, அவிட ஆரும் இரிக்கான் பாடில்ல கேட்டோ.”

யாரும் உட்காரக் கூடாதாம். “டவல் இருக்கலாம், வயித்துப் பிள்ளைக்காரி இருக்கப்பிடாதா? கையை எடு மோளே. இல்லேன்னா உன் மடியில இருத்திருவேன்” என்றேன். கையை எடுத்தாள்.

மருமகளை உட்கார வைத்த மறு வளைவில் அவள் வாந்தி எடுத்தாள். நான் டவலை உருவி அவள் வாயைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன், சுருட்டி அவள் மடியிலேயே வைத்தேன். பஸ் முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. நான் என்னவோ கொடியைக் கிழித்துவிட்டது போல.

இறங்கின இடத்தில் அந்த மேம்சாபின் கார் நின்றது. கொல்லத்துக்காரி ஓடிப்போய் அவள் காதில் ஓதினாள். மேம்சாப் வந்து மருமகளின் கன்னத்தைத் தொட்டு எத்தனை மாதம் என்று இந்தியில் கேட்டாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், தம்போலா விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்காக அவளை நான் மெச்சவில்லை. அந்தக் காரில் அவளுக்குப் பக்கத்து இடம் வரும்போதும் காலி, மருமகளை ஏற்றாமல் போகும்போதும் காலி.

சாயந்திரம் மகன் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து வந்தான். செய்தி எங்களுக்கு முன்பே அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

“அம்மா, நாளைக்கு ஒரு எட்டு போயி மேம்சாப்கிட்ட சாரி சொல்லிரு.”

“அவ கேட்டாளா?”

“கேக்கல.”

“அவ புருஷன் கேட்டானா?”

“இல்லம்மா. ஆனா மனசுல வச்சிருப்பாங்கல்லா. உனக்கு பெர்மிட்டு முடியப் போவுது. பிரசவம் வரைக்கும் நீ இருக்கணும்னா சாப் கையெழுத்து போடணும். நான் எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்?”

“உனக்கு இருக்கதே ஒரு மூஞ்சிதானேல. அதோட போ.”

அவன் போகவில்லை. ஒவ்வொரு நாளும் பெர்மிட் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான், அப்படியே திரும்பிக் கொண்டுவந்தான். நான் சாரி சொன்னால் அவன் சாப்பிடம் கையெழுத்துக் கேட்பான். நான் சொல்லாவிட்டால் கேட்க மாட்டான். மருமகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “ஒரு வார்த்தைதானே அத்தே” என்றாள். ஒரு வார்த்தைதான். சாலைச் சந்தையில் போலீஸ்காரன் என் கூடையை எட்டி உதைத்தபோதும் நான் சொல்லாத வார்த்தை. வயிற்றுப்பிள்ளைக்காரி வாயைத் துடைத்ததற்கா சொல்வேன்?

பெர்மிட் முடிந்தது. யாரும் என்னை விரட்டவில்லை, தங்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. காய்ந்த இஞ்சி, பெருங்காயம், பிரசவ மருந்துக்குக் கொண்டுபோனதையெல்லாம் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, எது எதற்கு என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ரயிலேறினேன். வங்காளத்திலிருந்து திருவனந்தபுரம் வரை யாரிடமும் பேசவில்லை. பேசத் தகுந்த ஆள் யாரும் ஏறவும் இல்லை.

பிள்ளை பிறந்ததைப் போனில் கேட்டேன். பெண். யார் கையில் வாங்கினார்கள் என்று கேட்டேன். “ஆஸ்பத்திரில யாரோ நர்ஸும்மா” என்றான் மகன். போனை வைத்துவிட்டேன்.

மறு வருஷம் அவனுக்குப் பதவி உயர்வும் வந்தது. என் வாய் அதைத் தடுக்கவில்லை, அவன் நடுக்கம் அதைக் கொண்டுவரவும் இல்லை. வருகிற முறையில் வந்தது. இப்போது பென்ஷனாகி, திருவனந்தபுரத்துக்கு வெளியே கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டில் நிற்கிறான். என் பேரன் வயதுப் பையன்கள் காரில் வந்தால் குறுக்குக் கம்பியைத் தூக்கிவிட்டு சல்யூட் அடிக்கிறான். அவனுக்குப் பிடித்த வேலை.

பேத்தியை நான் முதலில் பார்த்தது அவளுக்கு நாலாம் மாதம், அவர்கள் லீவில் வந்தபோது. கம்பளியைப் பிரித்தால் உள்ளே வெள்ளை டவலில் சுற்றியிருந்தது பிள்ளை. மூலையில் பட்டாளத்துக் கறுப்பு முத்திரை.

“இது அந்த டவலா பிள்ளே?”

“வாந்தி துடைச்சத எப்படித் திருப்பிக் குடுக்க? கேன்டீன்ல புதுசு வாங்கிக் குடுத்துட்டேன்.” மகன் வெளியே இருக்கிறானா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “ஆஸ்பத்திரில பிள்ளைய மொதல்ல இதுலதான் வாங்கச் சொன்னேன் அத்தே. நீங்கதான் இல்லியே.”

அவளுக்கு அவ்வளவு துணிச்சல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. “மூலை பிரிஞ்சு கெடக்கு, தைக்கத் தெரியாதா?” என்று சொல்லி டவலோடு பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் என்னிடம் தமிழ். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பரவாயில்லை, நான் எழுதியதும் அப்படித்தான்.

ஏட்டி மக்களே, இங்க வா. மொதல்ல இருந்து வாசி. உங்க அப்பன் தொப்பி மாட்டிட்டு வாசல்ல நிக்கான், டியூட்டிக்குக் கெளம்புகதுக்கு முன்ன அவன் காதுல விழணும், சத்தமா வாசி. உன்னைய டவல்ல சுத்தின எடத்துல மட்டும் அடுக்களைப் பக்கம் திரும்பி மெதுவா வாசி, அது உங்க அப்பனுக்கு வேண்டாம். உங்க அம்மை அங்கதான் நிக்கா.